ஒன்பது கட்டு

பினாங்கில், தண்ணீர்மலை ரோட்டுத் திடலில் கட்டிய குடிசை 1933ஆம் வருஷம் ஐந்து முறை தன்னைத் தானே பிரித்துக்கொண்டது. இடிந்து விழுந்தது என்று எழுதினால் அது பொய். இடிந்தால் கம்பம் முறியும், ஓலை கிழியும், தரையெல்லாம் குப்பையாகக் கிடக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. காலையில் வந்து பார்த்தால் கம்பங்கள் நீளவாரியாக அடுக்கியிருக்கும், பிரம்புக் கயிறு சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும், நிப்பா என்ற சதுப்புப் பனையின் ஓலை மடித்து வைத்திருக்கும். எல்லாம் சேர்த்து ஒன்பது கட்டு. எட்டு பெரியது, ஒன்று சின்னது. பொறுப்பான குடும்பம் ஒன்று வீடு மாற்றுவதற்காக எல்லாவற்றையும் கட்டிவைத்ததுபோல இருக்கும். ஜார்ஜ் டவுன் சனங்கள் இரண்டு நாள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் கச்சான் கடலை விற்கிறவர் மட்டும் வந்தார், அவரும் வியாபாரம் இல்லையென்று திரும்பிப் போனார். அதற்கு முந்தின வருஷங்களில் ஈயமும் ரப்பரும் விலை விழுந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு குடிசை விழாமல் பிரிந்ததில் ஆச்சரியப்பட மிச்சம் எதுவும் இல்லை.

குடிசையைக் கட்டச் சொன்னவர் ஹார்லண்டு துரை. காட்சிசாலை உத்தியோகம், ஒல்லியான ஆள், வெயிலில் மூக்கு எப்போதும் தோலுரிந்திருக்கும். பழங்கால மனிதர்களைப் பற்றிப் படித்தால் மட்டும் போதாது, அவர்கள் செய்ததை அவர்கள் கருவியால் நாமும் செய்து பார்க்க வேண்டும், அவர்களுக்கு வலித்த இடத்தில் நமக்கும் வலிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் பாலிக் புலாவ் பக்கத்துச் சதுப்புக் கரையில் சிப்பி தின்று வாழ்ந்தவர்கள் எப்படி வீடு கட்டியிருப்பார்கள் என்று கட்டிப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். இரும்பு கூடாது, ஆணி கூடாது, கல் கோடாலியும் பிரம்பும் ஓலையும் மட்டும். கட்டி முடித்தபின் அதை மழைக்கு விட்டுவிட்டு, எந்தக் கம்பம் முதலில் உளுக்கிறது, எந்த ஓலை எத்தனை மாதத்தில் மக்குகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். “வீடு மக்கிப்போறத உக்காந்து பாக்குறதுக்குக்கூட வெள்ளக்காரனுக்குச் சம்பளம் உண்டுலா” என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் பார்த்துக் கட்டுவதற்கு அந்தக் கரையில் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு ஆள் உயரம் இருந்த சிப்பி மேடு போய், அங்கே ஒரு குட்டை இருந்தது, அதில் வாத்து நீந்தியது. ஐயாயிரம் வருஷத்துக்கு முன் தின்று போட்ட சிப்பியை இருபது வருஷத்தில் சுண்ணாம்பாகச் சுட்டுத் தீர்த்தவர் சூளைக்கார கலந்தர் கனி. துரை அவரைத் தேடி அர்மேனியன் தெரு வீட்டுக்கே வந்தார். பாதி மலாய், பாதி தமிழில் இரண்டு கேள்வி கேட்டார். மேட்டை வெட்டும்போது அடியில் கம்பம் நட்ட குழியின் தடம் ஏதாவது தெரிந்ததா? தெரிந்தது என்றார் கலந்தர். சிப்பிக்கு அடியில் மண்ணில் பதினான்கு கறுப்பு வட்டங்கள் இருந்ததையும், எதற்கும் எதற்கும் எத்தனை அடி என்பதையும் விரலால் மேசைமேல் போட்டுக் காட்டினார். இரண்டாவது கேள்வி, எலும்பு ஏதாவது கிடைத்ததா? கலந்தர் கனி எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். அதுவும் அவருடைய சுண்ணாம்புதான். “எலும்பா? இல்ல துவான்” என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. கலந்தர் கனி ஒன்பது பேரைச் சுவரில் மறைத்தவர். 1911ஆம் வருஷம், நோன்புக்கு இருபது நாள் இருக்கும்போது நடந்தது அது. கடற்கரைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசலைப் புதுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர்க் காரைக்கு வேண்டிய சுண்ணாம்பு முழுவதையும் தானே கொடுப்பதாகக் கலந்தர் நேர்ந்திருந்தார், நோன்புக்குள் முடியவேண்டும். சூளையில் தீ போடுகிற பிச்சைமுத்து ஒரு காலை கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, “மொதலாளி, இது மனுச எலும்பு” என்றான். கலந்தர் போய்ப் பார்த்தார். மேட்டின் அடியில் ஒன்பது பேர் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்திருந்தார்கள், எலும்பெல்லாம் செம்மண் பூசின மாதிரி சிவப்பு. கடைசியாக இருந்தது ஒரு சின்னது. அதன் கையில் சிப்பியை அறுத்துத் தேய்த்துச் செய்த ஒரு வளையல். கலந்தர் குனிந்து அதைக் கழற்றினார். தடுக்கச் சதை இல்லாததால் அது சுலபமாக வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து, “மாட்டெலும்புடா. சூளையில போடு” என்றார். மூன்று வயது மகள் ஜன்னத்துக்கு அந்த வளையல் அளவெடுத்தாற்போல் இருந்தது. நாகூரிலிருந்து வந்தது என்று மனைவி சித்தி ஹாஜராவிடம் சொன்னார்.

அந்தச் சூளையில் வெந்த சுண்ணாம்பைப் போல் வெளுத்த சுண்ணாம்பைப் பினாங்கு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பள்ளிவாசல் சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. தொழ வந்தவர்கள் கலந்தரைக் கட்டிப்பிடித்து அவருக்காக இறைவனிடம் துஆ செய்தார்கள். முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் அவருக்கு ஓர் இடம் தானாகவே அமைந்தது, யாரும் எழுதி வைக்காவிட்டாலும் யாரும் அதில் நிற்கமாட்டார்கள். அந்தச் சுண்ணாம்பில் ஒரு சாடி நீற்றித் தனியே மூடி வைத்திருந்தார். நீற்றிய சுண்ணாம்பு பழசாகப் பழசாக வெண்ணெயாகும் என்பது தொழில் அறிந்தவர்களுக்குத் தெரியும். பதினாறு வருஷம் கழித்து, பள்ளிவாசல் தலைவர் யூசுப் மரைக்காயர் மகனுக்கு ஜன்னத்தை நிக்காஹ் செய்து கொடுத்தபோது அந்தச் சாடியைத் திறந்தார்கள். முந்நூறு பேர் வெற்றிலை போட்டார்கள். நாக்குப் பொத்துப்போகாத சுண்ணாம்பு, கலந்தர் காக்கா வீட்டுச் சுண்ணாம்புதான் என்று வாய் சிவக்கச் சொன்னார்கள். அவரும் போட்டார். நெஞ்சில் ஏதோ உறுத்தியது, பாக்கு என்று நினைத்துத் துப்பினார். இஸ்லாத்தில் மய்யித்தை, செத்த மனிதர் உடலை, சுடுவது எத்தனை பெரிய பாவம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகவே அவர் அது மய்யித்து இல்லை, மாடு என்று வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மாட்டைக் கட்டித் தீனி போட்டு வளர்த்தார்.

துரையின் குடிசை வேலைக்குக் கலந்தரே ஆள் சேர்த்தார். பிச்சைமுத்துவையும் கூப்பிடவேண்டியதாயிற்று, ஏனென்றால் பழைய சூளைக்காரர்களில் உயிரோடு இருந்தது அவன் ஒருவன்தான். தண்ணீர்மலைக் கோவில் அடிவாரத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான், தலை முழுக்க நரைத்திருந்தது. கல் கோடாலியால் ஒரு கம்பம் வெட்ட மூன்று நாள் ஆயிற்று. இப்படிப் போனால் வருஷக்கணக்கில் ஆகும் என்று, துரை வீட்டுக்குப் போனபின் கலந்தர் பாராங் கத்தியால் வெட்டச் சொன்னார். வெட்டிய முனையைக் கல்லால் நசுக்கிவிட்டால் தெரியாது. குடிசை நின்ற மூன்றாம் நாள் காலை, சுபுஹு தொழுதுவிட்டு அந்தப் பக்கம் வந்த கலந்தர்தான் முதலில் பார்த்தார். எட்டு பெரிய கட்டு. ஒரு சின்னக் கட்டு. சின்னக் கட்டின் மேல் பிரம்புத் தோலை வளைத்து ஒரு சின்ன வளையம் முடிந்து வைத்திருந்தது. ஒரு குழந்தையின் கை நுழையும் அளவு. அவர் அதை எடுத்து வாய்க்காலில் எறிந்தார். சின்னக் கட்டை அவிழ்த்துப் பெரிய கட்டு ஒன்றில் சொருகினார். துரை வந்து எண்ணியபோது எட்டு கட்டுதான் இருந்தது, அவர் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாராங் வைத்தது துரைக்குத் தெரிந்துவிட்டது. வெட்டுவாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டார். இரண்டாவது முறை எல்லாவற்றையும் கல்லாலேயே வெட்டினார்கள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்தது. அதுவும் பிரிந்தது. மூன்றாவது முறை வாசலைக் கடல் பக்கம் திருப்பினார்கள். பிரிந்தது. அந்தத் தடவை கட்டுகள் மட்டுமல்ல, தரையில் ஒன்பது பள்ளமும் இருந்தது, முழங்கால் மடக்கிப் படுத்தவர்கள் எழுந்து போன பள்ளம். கலந்தர் லிடி என்ற ஈர்க்குத் துடைப்பத்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டி நிரவினார். சின்னப் பள்ளத்தில் மட்டும் துடைப்பம் நகரவில்லை. கையால் நிரவினார். அறுபது வயதில், ஊர் மதிக்கிற மனிதர், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு குழந்தை படுத்த இடத்தைத் திருடன்போல அழித்துக்கொண்டிருந்தார். அவருக்கே தன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பார்த்தது பிச்சைமுத்துதான். திடலின் ஓரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவன், எழுந்திருக்காமலே பேசினான்.

“எத்தன நாளைக்குத்தான் கூட்டுவீங்க மொதலாளி?”

“வாய மூடு பிச்ச. நீதான போட்ட சூளையில.”

“நாந்தான் போட்டேன். எங்கள்ல எரிக்கிறதுதான் மொற, எரிச்சதுல ஒண்ணும் இல்ல. எரிச்சிட்டு ஒரு வார்த்த சொல்லாமப் போனா அதுதான் தப்பு.” பீடிச் சாம்பலைத் தட்டினான். “அவங்கள எரிச்ச பதினாறாம் நாளு நா வேலைக்கு வரல, மறுநாளு மொட்டையோட வந்தேன். யாருடா செத்தான்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?”

கலந்தருக்கு ஞாபகம் இருந்தது. சொந்தக்காரங்க என்று சொன்னான். எத்தனை பேர்டா என்று கிண்டலாகக் கேட்டதற்கு, ஒம்போது பேரு மொதலாளி என்று சொல்லியிருந்தான். அப்போது அவர் சிரித்தார்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. பள்ளிவாசல் சுவர் சுடத் தொடங்கியது. நெருப்புபோல அல்ல, கை வைத்தால் உள்ளே ஆள் இருப்பதுபோல் ஒரு வெதுவெதுப்பு. மழை பெய்தாலும் ஆறவில்லை. சனங்கள் இதையும் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு ஈரத் தொப்பியை அதில் வைத்து உலர்த்தினார்கள், வாதக்காரர்கள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து குணம் தெரிகிறது என்றார்கள். கலந்தர் கனி மட்டும் எந்தச் சுவரிலும் சாய்வதை விட்டுவிட்டார். வீட்டில் அவர் தூங்கும்போது முழங்கால் தானாக நெஞ்சுக்கு மடங்கியது. “என்னங்க இது, வயித்துப் புள்ள மாதிரி?” என்று சித்தி ஹாஜரா காலை நீட்டிவிடுவார். விட்ட கையை எடுப்பதற்குள் அது மறுபடி மடங்கும்.

கடைசியில் அவர் துரையிடம் போய்ச் சொன்னார். காட்சிசாலை அறையில் நின்றுகொண்டே சொன்னார், உட்காரவில்லை. எலும்பு இருந்தது துவான், ஒன்பது பேர், சூளையில் போட்டுவிட்டேன். துரை தன்னைத் திட்டவேண்டும், வெளியே போ என்று கத்தவேண்டும் என்று அவர் மனம் ஏங்கியது. துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. நோட்டைத் திறந்து, தலை எந்தத் திசை, கால் எந்தத் திசை, சிவப்பு எங்கெங்கே என்று வரிசையாகக் கேட்டார். ஏதாவது நகை இருந்ததா என்றும் கேட்டார். இல்லை என்றார் கலந்தர். துரை எழுந்து கை குலுக்கி மூன்று முறை நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு படியிறங்கியபோது கலந்தருக்கு ஏற்பட்ட அவமானம், செருப்படி வாங்கியிருந்தால்கூட ஏற்பட்டிருக்காது. நான்காவது முறை, கிடந்தவர்களின் திசையை அறிந்து, அதற்கு ஏற்ப அடுப்பு இடம் மாற்றிக் கட்டினார்கள். இரண்டே நாளில் பிரிந்தது. வளையம் இருந்தது.

வெள்ளைக்காரனிடம் சொன்னால் ஆகுமா, சுவர் எவருடையதோ அவர்களிடம் அல்லவா சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முதல் வரிசையிலிருந்து எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினார். இந்தச் சுவரில் ஒன்பது மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். சம்பந்தி யூசுப் மரைக்காயர் மெதுவாக, “எந்தச் சுவரு?” என்று கேட்டார். “எல்லாச் சுவரும்” என்றார் கலந்தர். பின்வரிசையில் ஒருவர், ஆறு வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் போட்ட வெற்றிலையை இப்போது துப்ப எழுந்து வெளியே போனார். அதற்குப்பின் கலந்தர் ஒரு வார்த்தை சேர்த்தார். “தெரியாமச் செஞ்சிட்டேன். மாட்டெலும்புன்னு நெனச்சேன்.” சபை அப்படியே இளகிவிட்டது. இமாம் அவர் தோளில் கை வைத்து, நாம் செய்கிற அமல்களெல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை, எண்ணத்தில் குற்றமில்லாதவனுக்குக் குற்றமில்லை என்று சொன்னார். மரைக்காயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து, யாரும் கேட்காமல், தானே முன்வந்து சொல்ல அல்லாஹ்மேல் எத்தனை ஈமான் வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கையைப் பிடித்தார்கள். முன்னைவிடப் பெரிய மனிதராக அவர் வெளியே வந்தார். நிய்யத்து என்ற வார்த்தை செருப்புக்குள் சிக்கின கல்போல வீடு வரை கூடவே வந்தது. ஐந்தாவது முறை கட்டிய குடிசை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அன்று அவர் கட்டுகளை அவிழ்க்கவில்லை, வளையத்தை எறியவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சூலியா தெருவுக்கு, மகள் வீட்டுக்கு நடந்தார். முற்பகல் நேரம், ஜன்னத் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நான்கு வயது சல்மா உட்கார்ந்து உமியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சல்மாவின் கையில் அந்தச் சிப்பி வளையல் இருந்தது. தாய்க்குச் சிறுத்துப்போனபின் பெட்டியில் கிடந்து, பிறகு மகளுக்கு வந்தது. கலந்தர் பேத்தி முன்னால் குந்தி அவள் கையைப் பிடித்து வளையலை இழுத்தார். அது வரவில்லை. உயிரோடு இருக்கிற கையில் சதை இருக்கிறது, அது தடுக்கிறது. பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

“வாப்பா, என்னா செய்றீங்க? விடுங்க, வலிக்குது அவளுக்கு!”

அவர் கையை விட்டார். பிரம்பு வளையத்தைத் தரையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். சபையில் சொன்னதைப்போல நின்றுகொண்டு, குரலைக் கனைத்துக்கொண்டு சொல்லவில்லை. குந்தின இடத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு, உமியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முடித்ததும் ஜன்னத் கேட்டது ஒன்றைத்தான்.

“தெரிஞ்சா செஞ்சீங்க?”

“தெரிஞ்சுதான்.”

“பள்ளியில தெரியாமன்னு சொன்னீங்களாமே. மாமா வந்து அழுதாங்க.”

“வளையலக் கழட்டினவனுக்குத் தெரியாம இருக்குமாம்மா? அது கையி. நா அதப் புடிச்சுத்தான் கழட்டினேன்.”

ஜன்னத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயதுவரை வளையல் கிடந்த இடம். “என் கையில மாட்டிட்டு எனக்கு முத்தம் குடுத்தீங்க வாப்பா. எனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கு” என்றாள். இதைவிட அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். கலந்தர் கனி தன் வாழ்நாளில் தலை குனிந்தது தொழுகையின் சஜ்தாவில் மட்டும்தான் என்று பெருமை பேசுகிறவர். மகள் முன்னால் குனிந்த அந்தத் தலை பிறகு முழுக்க நிமிரவே இல்லை, கழுத்து அப்படியே நின்றுவிட்டது. வைத்தியர் வாயு என்று தைலம் கொடுத்தார்.

ஜன்னத் சவுக்காரம் போட்டுப் பிள்ளையின் கையிலிருந்து வளையலைக் கழற்றினாள். மெதுவாகத்தான் வந்தது. ரிக்‌ஷா பிடித்துத் திடலுக்குப் போனார்கள். அவள் பிள்ளையைத் தனக்கும் தகப்பனுக்கும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டாள். திடலில் பிச்சைமுத்து தனியாளாக ஆறாவது முறை கம்பம் நட்டுக்கொண்டிருந்தான். துரை அந்த வாரம் ஈப்போவுக்குப் போயிருந்தார். கலந்தரும் கை கொடுத்தார். நான்கு நாள் ஆயிற்று, நான்கு நாளும் ஜன்னத் வந்து, ஒரு பேச்சும் இல்லாமல் ஓலை முடைந்தாள். கடைசி முடிச்சு விழுந்ததும் அவளே உள்ளே போய், சின்னப் பள்ளம் இருந்த இடத்தில் வளையலை வைத்துவிட்டு வந்தாள். கலந்தர் வாசலுக்கு வெளியே நின்றார். அரபியில் சொல்லலாமா என்று யோசித்தார், அவர்களுக்கு அது புரியாது. தமிழும் புரியாதுதான். “நாந்தான் எரிச்சேன். மனுசங்கன்னு தெரிஞ்சுதான் எரிச்சேன். புள்ள கையில இருந்ததத் திருடினேன்” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, கேட்டால் மறுபடி யாராவது கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலை குடிசை நின்றது. அடுப்பு புகைந்தது. வாசலில் புதிதாகத் தின்று போட்ட சிப்பி ஒரு கைக்கூடை அளவு கிடந்தது. பள்ளிவாசல் சுவர் அன்று ஆறியது, வாதக்காரர்களுக்கு அதில் வருத்தம். அடுத்த ஜும்ஆவில் கலந்தர் சபையில் எழுந்து, தெரியாமல் என்று சொன்னது பொய் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் போய் நின்றார். இந்த முறை யாரும் தோளைத் தொடவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, முன்னால் வா என்று கூப்பிடவுமில்லை. இமாமுக்குப் பின்னால் இருந்த இடத்தில் கொஞ்ச நாள் யாரும் நிற்கவில்லை, பிறகு நின்றார்கள்.

குடிசையில் ஒன்பது பேர் குடியிருப்பது ஒரு மாதத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. குட்டையான ஆட்கள், அதிகம் சத்தம் போடமாட்டார்கள். மாலையில் வாசலில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து கல்லால் சிப்பி உடைப்பார்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் தலையசைத்தால் அவர்களும் அசைப்பார்கள். முனிசிபாலிட்டி சுகாதார அதிகாரி வந்து சிப்பிக் குப்பையைப் பற்றி நோட்டீஸ் ஒட்டினார். அது மறுநாள் நாலாக மடித்துக் கூரையில் ஒழுகின இடத்தில் சொருகியிருந்தது. பிறகு முனிசிபாலிட்டிக்காரர்களே கதவு இல்லாத அந்த வீட்டுக்கு ஒரு கதவு எண் கொடுத்தார்கள். ஹார்லண்டு துரைக்கு மட்டும் மனக்குறை. ஆள் குடியிருக்கிற வீடு மக்குவதில்லை, ஒழுகினால் ஓலை மாற்றிவிடுகிறார்கள், அவர் நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சூளைக்காரர் வாசல் சிப்பியைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். பிச்சைமுத்து தேங்காய் உரிக்கிற கம்பியோடு அவரை வண்டிவரை வழியனுப்பி வைத்தான்.

ஜன்னத் வியாழக்கிழமைதோறும் சல்மாவோடு போய் வருவாள். சல்மா உள்ளே போய் விளையாடுவாள், திரும்பும்போது சட்டையெல்லாம் செம்மண்ணாக இருக்கும். கலந்தர் கனியும் போவார், ஆனால் தனியாக, வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. அவரால் கிட்டப் போக முடியாது. போனால் அவர் பக்கத்துக் கம்பத்தில் பிரம்புக் கயிறு தானாக ஒரு சுற்று அவிழும். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தால் மறுபடி இறுகும். ஆகவே கயிறு அவிழாத தூரம் எது என்று பார்த்து அங்கே ஒரு சாக்கு விரித்து உட்காருவார். முதல் வருஷம் அது இருபத்தொரு அடி. 1936இல் பதினான்கு. குடிசையில் யாரும் அவரிடம் பேசமாட்டார்கள், அவரும் பேசமாட்டார். மகள் பேசத் தொடங்கியிருந்தாள், சாப்பிட்டீங்களா என்ற அளவில். 1939இல், நோன்பு முடிந்த ஷவ்வால் மாதம் அவர் கண்ணை மூடி மவுத்தானபோது, பிச்சைமுத்து சாக்கிலிருந்து கம்பம்வரை நாடா பிடித்துப் பார்த்தான். ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

அடக்கத்தன்று காலை தண்ணீர்மலை ரோட்டில் சிறு கலவரம். ஆறு வருஷமாக அசையாமல் நின்ற வீடு ஒன்பது கட்டாகக் கிடந்தது. கலந்தர் போனதும் அவர்களும் போய்விட்டார்கள் என்று பெண்கள் அழுதார்கள். மய்யித்து வீட்டில் ஜன்னத்திடம் போய்ச் சொன்னபோது அவள், “வந்துருவாங்க. வீட்டுக்குப் பூட்டு இல்லாதவங்க எல்லாருமா வெளிய போனா அப்படித்தான் கட்டி வச்சிட்டுப் போவாங்க” என்றாள். சொன்னது சரியாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு முன்பே வீடு பழையபடி நின்றது, அடுப்பு புகைந்தது.

மறுநாள் அவரை அடக்கிய கபுருஸ்தானின் காவல்காரர் பள்ளிவாசலில் வந்து ஒரு விஷயம் சொன்னார், அது பதிவும் ஆகியிருக்கிறது. அடக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கம்போல் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள், அது சாதாரணச் செம்மண். அதன் மேல், கபுரின் நீளத்துக்கு, சிப்பித் தூள் பிடி பிடியாகத் தனித்தனியே கிடந்தது. அவர் எண்ணிப் பார்த்தார், மொத்தம் இருபத்தேழு பிடி. அதில் மூன்று பிடி மிகச் சின்னவை.